வெயில் காலத்தில் ஓர் ஆண்மகன் அறிந்திருக்க வேண்டியவை: உடை, ஓய்வு, கைவேலை

மலேசியாவில் கோடை என்று தனிப் பருவம் கிடையாது. ஆனாலும் வெயில் காலம் வந்துவிட்டதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் நாள்காட்டி பார்க்காமலே சொல்லிவிடுவார்கள். பால்மரம் இலை உதிர்க்கத் தொடங்கும். மங்கில் விழும் பால் குறையும். லயத்துக் கிணற்றில் தண்ணீர் இறங்கும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கெடா, பெர்லிஸ் போன்ற வட மாநிலங்களில் வறட்சி தலைகாட்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது நாட்டின் பல பகுதிகளில் மழை குறையும். சில ஆண்டுகளில் அதோடு புகைமூட்டமும் சேர்ந்துகொள்ளும்.

இந்த மாதங்களில்தான் பங்குனி உத்திரமும் சித்திரைப் புத்தாண்டும் திருமணங்களும் கோயில் திருவிழாக்களும் வருகின்றன. விடுமுறை நாளில் குடும்பத்தோடு அருவிக்குப் போவதும், மாலையில் திடலில் பந்து விளையாடுவதும் இதே காலத்தில்தான். வெயிலுக்கு ஏற்ப உடுத்தவும், பத்திரமாகப் பொழுதைக் கழிக்கவும், அவசர நேரத்தில் கை கொடுக்கவும் ஓர் ஆண் அறிந்திருக்க வேண்டிய விவரங்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

வெயிலின் அளவு

நாட்டில் இதுவரை பதிவான மிக அதிக வெப்பநிலை 40.1 டிகிரி செல்சியஸ். அது 1998 ஏப்ரல் 9ஆம் தேதி பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில் பதிவானது. சிங்கப்பூரில் 1983 ஏப்ரல் மாதம் தெங்காவில் பதிவான 37 டிகிரி நாற்பது ஆண்டுகள் உச்சமாக இருந்தது. 2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் அதே அளவு மீண்டும் பதிவானது.

மலேசிய வானிலை ஆய்வுத் துறை வெப்ப எச்சரிக்கையை மூன்று நிலைகளாகப் பிரித்துள்ளது. ஒரு வட்டாரத்தின் அதிகபட்ச வெப்பநிலை தொடர்ந்து மூன்று நாள்களுக்கு 35 முதல் 37 டிகிரி வரை இருந்தால் முதல் நிலை. 37க்கு மேல் 40 வரை இருந்தால் இரண்டாம் நிலை. 40 டிகிரியைத் தாண்டினால் மூன்றாம் நிலை. முதல் நிலை அறிவிக்கப்பட்டதுமே வெளிவேலையின் நேரத்தை மாற்றிக்கொள்வது நல்லது.

நம் நாட்டில் வெப்பநிலையை மட்டும் பார்த்தால் போதாது. காற்றில் ஈரம் அதிகம். வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். ஈரக் காற்றில் அது ஆவியாகாமல் வழிந்தோடும். அதனால் இங்கே 34 டிகிரி வெயிலில் ஏற்படும் களைப்பு, வறண்ட ஊரில் அதைவிடக் கூடுதலான வெயிலில் ஏற்படும் களைப்புக்குச் சமமாக இருக்கலாம். சிங்கப்பூர் 2023 முதல் வெப்பம், ஈரப்பதம், காற்று, வெயில் நான்கையும் சேர்த்துக் கணக்கிட்டு வெப்ப அழுத்த அறிவுரை வெளியிடுகிறது. அந்தக் கணக்கில் 31க்குக் கீழ் குறைவு, 31 முதல் 33க்குள் மிதம், 33ம் அதற்கு மேலும் அதிகம்.

தோட்டத்து நேரம்

தோட்டங்களில் விடிவதற்கு முன்பே பெரட்டு முடிந்து ஆட்கள் நெற்றிக்குப் போய்விடுவார்கள். பால் நன்றாக இறங்குவது அதிகாலையில்தான் என்பது அதற்கு முதல் காரணம். வெயில் ஏறுவதற்குள் மரம் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பலாம் என்பது அதனால் கிடைத்த வசதி. கடும் வேலையைக் காலையில் வைத்து, உச்சி வெயிலில் நிழலில் இருந்து, மாலையில் மறுபடி வெளியே வரும் அந்தப் பழக்கம் இன்றைய நகரவாசிக்கும் பொருந்தும்.

இதில் கடிகாரத்தை மட்டும் நம்பக் கூடாது. 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியா தன் நேரத்தை அரை மணி முன்னே தள்ளியது. சிங்கப்பூரும் அவ்வாறே செய்தது. அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஏறக்குறைய 1.15 மணிக்கு. காலை 11 மணி முதல் மாலை 4 மணி வரை வெயில் கடுமையாக இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். புல் வெட்டுதல், கூரை பழுதுபார்த்தல், கார் கழுவுதல், ஓட்டப் பயிற்சி ஆகியவற்றைக் காலை 10 மணிக்குள் முடிப்பது அல்லது மாலை 5.30க்குப் பிறகு தொடங்குவது நல்லது.

புகைமூட்ட நாளில் காற்றுத் தூய்மைக் குறியீட்டையும் பார்க்க வேண்டும். மலேசியக் குறியீட்டில் 50 வரை நல்ல காற்று, 51 முதல் 100 வரை மிதமானது, 101 முதல் 200 வரை உடல்நலத்துக்குக் கேடானது. 100ஐத் தாண்டிய நாளில் திடல் விளையாட்டை ஒத்திவைக்கலாம். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களும் முதியவர்களும் பிள்ளைகளும் வீட்டுக்குள் இருப்பது பாதுகாப்பு.

துணி: கைலியில் இருக்கும் பாடம்

தாத்தாக்கள் வீட்டில் கட்டிய கட்டம் போட்ட கைலியை இன்றைய இளைஞர்கள் பலர் வெளியே கட்டத் தயங்குகிறார்கள். அதே கட்டத் துணிக்கு உலக அளவில் நீண்ட வரலாறு உண்டு. மலாய்க்காரர்கள் அதை ‘காயின் பெலிக்காட்’ என்கிறார்கள். பெலிக்காட் என்பது சென்னைக்கு வடக்கே கடலோரத்தில் உள்ள பழவேற்காட்டின் பெயர். ஆங்கிலேயர் அதைப் புலிக்காட் என்று அழைத்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் அங்கே கோட்டை கட்டி, சோழமண்டலக் கரையின் நெசவுத் துணிகளை மலாய்த் தீவுகளுக்குக் கப்பலேற்றினார்கள். ஊரின் பெயர் துணிக்கு ஒட்டிக்கொண்டது.

அதே வட்டாரத்துப் பருத்திக் கட்டத் துணி ‘மெட்ராஸ்’ என்ற பெயரில் 1960களில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் கோடைச் சட்டையானது. துவைக்கத் துவைக்கச் சாயம் இறங்கி நிறங்கள் ஒன்றோடொன்று கலக்கும் தன்மையையே அதன் சிறப்பாகச் சொல்லி விற்றார்கள். இன்றும் மேல்நாட்டுக் கோடை உடைகளில் மெட்ராஸ் கட்டத்துக்கு ஓர் இடம் உண்டு.

வெயிலுக்குத் துணி வாங்கும்போது கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது நூல். பருத்தி வியர்வையை உறிஞ்சும். லினன் அதைவிட வேகமாகக் காயும். ஆனால் எளிதில் சுருங்கும். ரேயான் உடலில் ஒட்டாமல் குளிர்ச்சியாக விழும். ஈரமாக இருக்கும்போது அது வலுவிழப்பதால் முறுக்கிப் பிழியக் கூடாது. சாதாரண பாலியெஸ்டர் சட்டை காற்றை விடாது, வாடையும் விரைவில் பிடிக்கும். விளையாட்டுக்கென்று துளையிட்டு நெய்யப்பட்ட பாலியெஸ்டர் சட்டை இதில் சேராது.

இரண்டாவது நெசவு. சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நெருக்கமும் தளர்வும் தெரியும். தளர்ந்த நெசவு காற்றை விடும். ஆனால் வெயிலையும் ஓரளவு உள்ளே விடும். நாள் முழுக்கத் திறந்த வெளியில் நிற்பவருக்கு நடுத்தர நெசவில் முழுக்கைச் சட்டை பொருத்தம்.

மூன்றாவது அளவு. அக்குளிலும் தோளிலும் இரண்டு விரல் இடைவெளி இருந்தால் காற்று உள்ளே புழங்கும். உடலோடு ஒட்டிய சட்டையில் வியர்வைத் திட்டு உடனே தெரியும்.

நான்காவது நிறம். வெள்ளை, இளநீலம், சந்தன நிறம் ஆகியவை வெப்பத்தைக் குறைவாக ஈர்க்கும். சாம்பல் நிறத்தில் வியர்வை மிக அப்பட்டமாகத் தெரியும் என்பதால் அலுவலக நாளுக்கு அதைத் தவிர்க்கலாம்.

பாத்தேக்கும் ஜிப்பாவும்

மலேசியாவில் வெயிலுக்கேற்ற மரியாதையான உடை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. முழுக்கை பாத்தேக் சட்டை விருந்துக்கும் அதிகாரபூர்வ நிகழ்ச்சிக்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட உடை. கோட்டும் கழுத்துப்பட்டையும் தேவையில்லை. அரசு ஊழியர்கள் வியாழக்கிழமைகளில் பாத்தேக் அணிவது நெடுநாள் வழக்கம். பருத்தி பாத்தேக் அன்றாடத்துக்கும், பட்டு பாத்தேக் மாலை விருந்துக்கும் பொருந்தும். சட்டையை வெளியே விட்டு, கறுப்பு அல்லது அடர்நிறக் காற்சட்டையோடு அணிந்தால் போதும். சட்டையில் பூ அதிகமாக இருந்தால் மற்ற எல்லாம் எளிமையாக இருக்க வேண்டும்.

கோயிலுக்கும் திருமணத்துக்கும் பருத்தி ஜிப்பா நல்ல தேர்வு. சரிகை வேலை நிறைந்த கனத்த ஜிப்பாக்கள் குளிரூட்டப்பட்ட மண்டபத்துக்குச் சரி. பந்தலிலும் தேர் ஊர்வலத்திலும் அவை அணிந்தவரைப் படாத பாடு படுத்தும்.

வேட்டி கட்டத் தெரிதல்

ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்த வேட்டி கடைகளில் கிடைக்கிறது. அவசரத்துக்கு அது உதவும். ஆனால் சாதாரண வேட்டியைக் கட்டக் கற்றுக்கொள்ளப் பத்து நிமிடம் போதும்.

நாலு முழ வேட்டி ஏறக்குறைய 1.8 மீட்டர் நீளம். எட்டு முழம் அதைப்போல் இரண்டு மடங்கு. எட்டு முழத்தை இரண்டாக மடித்துக் கட்டுவதால் உள்ளே தெரியாது. நாலு முழம் வீட்டுக்கு, எட்டு முழம் வெளியே என்பது பொதுவான வழக்கம்.

கால்களைச் சற்று அகற்றி நிற்க வேண்டும். வேட்டியை முதுகுப் பக்கமாகக் கொண்டுவந்து இரு முனைகளையும் முன்னால் சமமாகப் பிடிக்க வேண்டும். கீழ்விளிம்பு கணுக்காலைத் தொடும் உயரத்தில் இருக்கட்டும். வலக்கை முனையை இடுப்பின் இடப்பக்கம் கொண்டுபோய் இறுக்கிச் செருக வேண்டும். பிறகு இடக்கை முனையை அதன் மேல் கொண்டுவந்து வலப்பக்கம் செருகினால் கரை முன்னால் நேராக விழும். மேல் விளிம்பை வெளிப்பக்கமாக இரண்டு சுற்று சுருட்டிவிட்டால் நாள் முழுக்க அவிழாது. கால்களை ஒட்டி வைத்துக் கட்டினால் நடக்கும்போது தடுக்கும். உள்ளே பருத்தி அரைக்காற்சட்டை அணிவதும், பை வைத்த அகலமான வேட்டிப் பெல்ட்டைப் பயன்படுத்துவதும் வசதி.

வேலை செய்யும்போதும் படியேறும்போதும் வேட்டியை மடித்துக் கட்டலாம். பெரியவர்கள் முன்னால் வந்தாலும், சன்னிதிக்குள் நுழைந்தாலும் அதை இறக்கிவிடுவது மரபு. வேட்டியோடு மோட்டார் சைக்கிள் ஓட்டுவது ஆபத்து. சங்கிலியிலோ சக்கரத்திலோ துணி சிக்கினால் வண்டி கவிழும். காற்சட்டையில் ஓட்டிப் போய், கோயிலில் மாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம்.

வெள்ளை வேட்டியை மற்றத் துணிகளோடு ஊறப்போடக் கூடாது. வடித்த கஞ்சியைத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, கடைசியில் ஒருமுறை முக்கி நிழலில் காயவைத்தால் மொடமொடப்பு வரும். கஞ்சி அதிகமானால் காற்றுப் புகாது. வெயில் காலத்தில் லேசாகப் போட்டால் போதும்.

தலை, கண், பாதம், தோல்

காது வரை நிழல் தரும் சுற்று விளிம்புத் தொப்பி, முன்பக்கம் மட்டும் மறைக்கும் தொப்பியைவிட நல்லது. குளிர்க்கண்ணாடி வாங்கும்போது ‘யூவி400’ என்ற குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் பாதுகாப்பு இல்லாத கறுப்புக் கண்ணாடி பாப்பாவை விரியச் செய்து, அதிகமான புற ஊதாக்கதிரை உள்ளே விடும்.

வெயில் தடுப்புக் களிம்பு பெண்களுக்கானது என்ற எண்ணம் தவறு. கறுத்த தோலுக்கும் வெயில் பாதிப்பு உண்டு. எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்ட களிம்பை வெளியே போவதற்கு 15 நிமிடத்துக்கு முன் பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். காது மடலும் பிடரியும் பெரும்பாலும் மறந்துபோகும் இடங்கள்.

தொடை இடுக்கிலும் கால் விரல் இடுக்கிலும் வரும் படர்தாமரையைப் பலர் வெட்கத்தால் மறைக்கிறார்கள். அது பூஞ்சைத் தொற்று. குளித்ததும் அந்த இடங்களை நன்றாகத் துடைப்பதும், உள்ளாடையையும் காலுறையையும் தினமும் மாற்றுவதும், துண்டைப் பகிராமல் இருப்பதும் அதைத் தடுக்கும். அரிப்பு நிற்பதற்காகக் கிடைத்த களிம்பையெல்லாம் பூசக் கூடாது. ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை அடக்கிவிட்டுத் தொற்றைப் பரவவிடும். மருந்தாளரிடம் தனியாகக் கேட்டால் சரியான மருந்து கிடைக்கும்.

தேர் ஊர்வலத்தில் வெறுங்காலில் நடப்பவர்கள் தார்ச்சாலையின் சூட்டைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் கொப்புளம் வந்ததே தெரியாது. அவர்கள் நண்பகலுக்கு முன்பே வேண்டுதலை முடித்துக்கொள்வதும், வீடு திரும்பியதும் இரு பாதங்களின் அடிப்பக்கத்தையும் பார்ப்பதும் அவசியம்.

தண்ணீர், உப்பு, சீனி

தாகம் எடுத்த பிறகு குடிப்பதைவிட, வெளிவேலையில் இருக்கும்போது 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குவளை குடிப்பது நல்லது. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் உடலில் நீர் போதுமானது. அடர் மஞ்சளானால் பற்றாக்குறை. உப்பிட்ட மோரும் இளநீரும் நல்ல பானங்கள். சீனி நிறைந்த குளிர்பானமும் மூன்று குவளை தே தாரிக்கும் தண்ணீருக்கு ஈடாகாது. மலேசிய இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்பதால் இதில் கூடுதல் கவனம் தேவை. மாலையில் நண்பர்களோடு குடிக்கும் பீரும் உடலின் நீரை வெளியேற்றும்.

அதிக வியர்வையோ வயிற்றுப்போக்கோ இருந்தால் மருந்தகத்தில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலம் சிறந்தது. அது கைவசம் இல்லையென்றால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரை மட்டத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். உப்பு கூடினால் ஆபத்து. அளவைக் கண்மதிப்பில் விடக் கூடாது.

இரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் பெருக்கி மாத்திரை சாப்பிடுபவர்களும், சிறுநீரக, இதய நோயாளிகளும் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவைக்க வேண்டும். இன்சுலினைக் காரில் விட்டுவிட்டுப் போகக் கூடாது.

அருவிக்குப் போகும்போது

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையில் லாத்தா இஸ்கண்டார், ரவாங் அருகே ஏழு அடுக்குகள் கொண்ட கன்சிங், உலு லங்காட்டில் சுங்கை கபாய், பெந்தோங் அருகே சாமாங் ஆகியவை நம் குடும்பங்கள் அதிகம் போகும் அருவிகள். இங்கெல்லாம் முதல் ஆபத்து ‘கெப்பாலா ஆயர்’ எனப்படும் திடீர் நீர்ப்பெருக்கு. மலையுச்சியில் பெய்யும் மழை கீழே குளிப்பவருக்குத் தெரியாது. இங்கே வெயில் அடிக்கும்போதே மேலிருந்து வெள்ளம் வந்துவிடும்.

அறிகுறிகள் சில உண்டு. தெளிந்த நீர் திடீரென்று கலங்கும். சருகும் குச்சியும் மிதந்து வரும். நீர்மட்டம் உயரும். மேலிருந்து இரைச்சல் கேட்கும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே கரையேறி மேட்டுக்குப் போக வேண்டும். ஆற்றின் போக்கிலேயே கீழ்நோக்கி ஓடக் கூடாது. செருப்பு, கைப்பேசி, சோற்றுப் பானை எதற்காகவும் திரும்பக் கூடாது. மலைப்பக்கம் கருமேகம் தெரிந்தால் அன்று தண்ணீரில் இறங்காமல் இருப்பதே சரி.

யாராவது மூழ்கினால், நீச்சல் தெரியாதவர் குதிப்பதால் ஓர் உயிருக்குப் பதில் இரண்டு உயிர் போகும். முதலில் கூப்பிட வேண்டும். பிறகு கம்பு, துண்டு, கழற்றிய கைலி எதையாவது கரையில் படுத்தபடி நீட்ட வேண்டும். எட்டவில்லையென்றால் மூடி இறுக்கிய வெறும் தண்ணீர்த் தோம்பு, ஐஸ் பெட்டி போன்ற மிதக்கும் பொருளை எறிய வேண்டும். இதற்காகவே காரில் பத்து மீட்டர் கயிறு ஒன்று இருப்பது நல்லது. பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போது பெரியவர் ஒருவர் கைப்பேசி இல்லாமல், மது அருந்தாமல், பார்த்துக்கொண்டிருப்பதை மட்டுமே வேலையாக வைத்துக்கொள்ள வேண்டும். அரை மணிக்கு ஒருவர் என்று முறை வைத்தால் யாருக்கும் பாரமாகாது.

ஆற்றில் குளித்த சில நாளில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் எலிச் சிறுநீரால் பரவும் நோயாக இருக்கலாம். மருத்துவரிடம் ஆற்றில் குளித்ததைச் சொல்ல வேண்டும். காலில் காயம் உள்ளவர்கள் ஆற்றில் இறங்காமல் இருப்பது நலம்.

தூண்டிலும் திடலும்

தோட்டத்துக் குட்டையில் கெலி, விரால், திலாப்பியா பிடிப்பது செலவில்லாத பொழுதுபோக்கு. அதிகாலையும் அந்தி நேரமும் மீன் கடிக்கும் வேளைகள். வெயிலுக்கும் அவையே ஏற்றவை. கார்பன் தூண்டில் கம்பு மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பிக்கு அடியில் தூண்டில் வீசக் கூடாது. இடி கேட்டால் கம்பைக் கீழே வைத்துவிட்டுக் காருக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போக வேண்டும். மரத்தடியில் ஒதுங்குவது ஆபத்து.

காற்பந்து விளையாடுபவர்களுக்கும் இதே விதிதான். இடி கேட்டதும் ஆட்டத்தை நிறுத்தி, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே திடலுக்குத் திரும்ப வேண்டும். வாரம் முழுக்க உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு ஞாயிறன்று மட்டும் ஓடும் நடுத்தர வயதினர் முதல் பத்து நிமிடம் மெதுவாக உடலைச் சூடேற்ற வேண்டும். நெஞ்சு இறுக்கம், தாடை அல்லது இடக்கை வலி, காரணமில்லாத மூச்சுத்திணறல் வந்தால் ஓரமாக உட்கார்ந்து ஓய்வெடுத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் 999 எண்ணை அழைக்க வேண்டும்.

தெரிந்திருக்க வேண்டிய கைவேலைகள்

கார் டயர் மாற்றுதல்: சமதரையில் நிறுத்தி, அபாய விளக்கைப் போட்டு, கைப்பிரேக்கை இழுத்து, பின்னால் முக்கோணப் பலகையை வைக்க வேண்டும். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்த வேண்டும். பிறகுதான் ஜேக் வைத்துத் தூக்க வேண்டும். கழற்றி மாற்றிய டயரின் நட்டுகளை எதிரெதிராகக் கையால் இறுக்கி, காரை இறக்கிய பிறகு முழு வலுவோடு இறுக்க வேண்டும். ஜேக் மட்டும் தாங்கும் காரின் அடியில் உடலை நுழைக்கக் கூடாது. நெடுஞ்சாலை ஓரத்தில் இடம் குறைவாக இருந்தால் டயர் மாற்றும் முயற்சியே வேண்டாம். எல்லாரையும் இறக்கித் தடுப்புக்கு அப்பால் நிறுத்திவிட்டு, நெடுஞ்சாலை உதவியை அழைப்பதுதான் பாதுகாப்பு.

டயரின் வயது அதன் பக்கவாட்டில் நான்கு இலக்கமாக இருக்கும். 2422 என்றால் 2022ஆம் ஆண்டின் 24ஆம் வாரம். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்ற வேண்டும். காற்றழுத்தத்தை ஓட்டத்துக்கு முன், டயர் சூடேறாதபோது பார்க்க வேண்டும்.

பேட்டரி இறந்த காருக்கு உயிர் கொடுத்தல்: சூட்டில் பேட்டரி விரைவில் கெடும். சிவப்புக் கம்பியை முதலில் இறந்த பேட்டரியின் கூட்டல் முனையிலும், அடுத்து நல்ல பேட்டரியின் கூட்டல் முனையிலும் மாட்ட வேண்டும். கறுப்புக் கம்பியை நல்ல பேட்டரியின் கழித்தல் முனையில் மாட்டி, மறு நுனியை இறந்த காரின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியில் பேட்டரிக்கு எட்டப் பொருத்த வேண்டும். கார் ஓடத் தொடங்கியதும் அதே வரிசையைப் பின்னோக்கிக் கழற்ற வேண்டும்.

ரேடியேட்டர்: இயந்திரம் கொதித்தால் மூடியை உடனே திறக்கக் கூடாது. அழுத்தத்தில் பீறிடும் கொதிநீர் முகத்தைப் பொசுக்கிவிடும். நன்றாக ஆறிய பிறகே துணி சுற்றித் திறக்க வேண்டும்.

தண்ணீர்த் தோம்பு: தண்ணீர்த் தடைக்குப் பயந்து நிரப்பி வைத்த தோம்பில் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். இறுக்கமான மூடி போட்டு, வாரம் ஒருமுறை காலி செய்து உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்தாலும் பல மாதம் உயிரோடிருக்கும்.

மின்விசிறியும் குளிரூட்டியும்: குளிரூட்டியின் வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவினால் மின்கட்டணமும் குறையும், காற்றும் சுத்தமாகும். 24 டிகிரியில் வைத்து விசிறியையும் சேர்த்துப் போட்டால் போதுமான குளிர்ச்சி கிடைக்கும். விசிறியைத் துடைக்க ஏணியில் ஏறும் முன் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும்.

சூட்டு மயக்கமும் வெப்பத் தாக்கமும்

அதிக வியர்வை, தலைவலி, தசைப்பிடிப்பு, குமட்டல், தலைசுற்றல் ஆகியவை சூட்டுக் களைப்பின் அறிகுறிகள். நிழலில் படுக்கவைத்து, காலைச் சற்று உயர்த்தி, உடையைத் தளர்த்தி, ஓஆர்எஸ் அல்லது தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். அரை மணியில் தெளியவில்லையென்றால் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

பேச்சுக் குழறினால், தடுமாறினால், சம்பந்தமில்லாமல் பேசினால், வலிப்பு வந்தால் அல்லது நினைவிழந்தால் அது வெப்பத் தாக்கம். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியை எட்டியிருக்கலாம். வியர்வை நின்றால்தான் வெப்பத் தாக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. கடும் உழைப்பில் விழுபவருக்கு வியர்வை வழிந்துகொண்டே இருக்கலாம். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 எண்ணை அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும் வரை உடலைக் குளிர்விக்க வேண்டும். மேலாடையைக் கழற்றி, தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிற வேண்டும். ஐஸ் இருந்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வைக்கலாம். நினைவு தெளிவாக இல்லாதவரின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. அது மூச்சுக்குழாயில் போய்விடும்.

கூப்பிட்டும் தட்டியும் அசையாமல், மூச்சும் இல்லாமல் கிடந்தால் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அழுத்தத் தொடங்க வேண்டும். பெரியவருக்கு 5 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். சிபிஆர் எனப்படும் இதை ஒரு நாள் பயிற்சியில் கற்றுக்கொள்ளலாம். கோயில் நிர்வாகங்களும் இளைஞர் மன்றங்களும் வெயில் காலத் திருவிழாவுக்கு முன் தொண்டர்களுக்கு ஏற்பாடு செய்தால் பலருக்குப் பயன்படும்.

வெயிலில் நிறுத்திய காருக்குள் பத்தே நிமிடத்தில் ஏறக்குறைய 10 டிகிரி வெப்பம் கூடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைப்பதால் பெரிய மாற்றம் இல்லை. ‘ரெண்டு நிமிஷத்தில் வந்துடுறேன்’ என்று பிள்ளையையோ முதியவரையோ உள்ளே விட்டுச் செல்லக் கூடாது. பிள்ளையைக் குழந்தைகள் காப்பகத்தில் விடும் வழக்கமுள்ள தந்தையர், பணப்பையையோ அலுவலக அட்டையையோ பின் இருக்கையில் பிள்ளையின் பக்கத்தில் வைத்தால் இறங்கும்போது கட்டாயம் திரும்பிப் பார்ப்பார்கள்.

காரில் இருக்க வேண்டியவை

இரண்டு லிட்டர் தண்ணீர், ஓஆர்எஸ் பொட்டலம் நான்கு, ஒரு தொப்பி, மாற்றுச் சட்டை ஒன்று, பருத்திக் கைலி ஒன்று, பத்து மீட்டர் கயிறு, கைவிளக்கு, முக்கோணப் பலகை, பேட்டரிக் கம்பி. தண்ணீரை வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும்.

இதில் கைலி பல வேலைக்கு உதவும். அருவிக் கரையில் உடை மாற்றலாம். வெயிலில் கிடந்த இருக்கையில் விரிக்கலாம். மயங்கியவருக்கு நனைத்துப் போர்த்தலாம். மூழ்குபவருக்குக் கரையிலிருந்து நீட்டலாம். அடுத்த விடுமுறையில் வீட்டுப் பையன்களுக்கு வேட்டி கட்டவும், டயர் மாற்றவும், 999க்கு இடத்தைத் தெளிவாகச் சொல்லவும் ஒருமுறை செய்து காட்டினால், வெயிலில் யாராவது விழும் நாளில் அவர்கள் கைகட்டி நிற்கமாட்டார்கள்.